ஜோர்டானா, லெப்ரானா, ரஸ்ஸலா: நடுவர் கையில் என்ன தராசு இருக்கணும்?

அல்சூர்வாசி (கேள்வி)

பெங்களூர்ல ஞாயித்துக்கிழமை பாஸ்கெட்பால் ஆடுற தமிழ்க் கூட்டம் ஒண்ணு வழக்காடு மன்றம் வைக்குது. தலைப்பு, எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார். நடுவர் நான். வாட்ஸ்அப்ல இப்பவே ரஜினி-கமல் சண்டை மாதிரி ஓடுது. ஒருத்தர் ஜோர்டானோட 6 மோதிரம் (கோப்பைக்கு ஒண்ணு)ங்கிறார், ஒருத்தர் லெப்ரானோட 40,000 பாயிண்ட்ங்கிறார், இன்னொருத்தர் சேம்பர்லேன் ஒரே ஆட்டத்துல எடுத்த 100 பாயிண்டைத் தூக்கிட்டு வர்றார். பழைய காலத்து எண்ணையும் இப்போ உள்ள எண்ணையும் எப்படி ஒரே தராசுல நிறுத்தறது? எதுக்கு எவ்வளவு மார்க்?

கணக்குப்பிள்ளை

பெயரை எல்லாம் ஓரமா வைங்க. நீங்க தேடுறது உச்சத்தையா, நீண்ட ஓட்டத்தையா? பிராட்மன் 52 டெஸ்ட்ல 99.94 சராசரி, சச்சின் 200 டெஸ்ட்ல 15,921 ரன். எதைக் கேட்கிறீங்கன்னு முடிவு பண்ணாம இவங்க ரெண்டு பேரை ஒப்பிட முடியுமா? இங்கேயும் அதே சிக்கல்தான்.

அடுத்தது, எந்த எண்ணையும் வந்தபடியே எடுத்துக்காதீங்க. என்பிஏல (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) சேம்பர்லேன் 1961-62ல ஆட்டத்துக்கு 50.4 பாயிண்ட். ஜோர்டானோட உச்சம் 1986-87, 37.1. பார்த்தா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனா சேம்பர்லேன் அந்த சீசன்ல ஆட்டத்துக்கு 48.5 நிமிஷம் நின்னார். ஆட்டமே 48 நிமிஷம்தான், மிச்சம் ஓவர்டைம். ஜோர்டான் 40 நிமிஷம். 36 நிமிஷத்துக்குக் குறைச்சா 37.4, 33.4. இப்போ வேகத்தைக் கழிக்கணும். 1961-62ல ஒரு அணி ஆட்டத்துக்கு சுமார் 108 ஷாட் போட்டது, 1986-87ல சுமார் 89. 37.4ஐ 89ஆல பெருக்கி 108ஆல வகுங்க, 31க்குக் கொஞ்சம் கீழே வருது. ஜோர்டான் மேலே போயிட்டார். இது தோராயம்தான். அப்போ டர்னோவர் (பந்தை எதிரணிகிட்ட இழக்கறது) பதிவே கிடையாது, அதனால பொசஷனை, அதாவது ஒரு அணி கையில பந்து எத்தனை தடவை வந்ததுங்கிறதைத் துல்லியமா எண்ண வழியில்லை. சேம்பர்லேனோட ரீபவுண்ட் எண்ணுக்கும் இதே வைத்தியம்தான். ஷாட்டும் அதிகம், தப்பினதும் அதிகம், அதனால பிடிக்கப் பந்தும் அதிகம்.

மூணாவது, ட்ரூ ஷூட்டிங், அதாவது எடுத்த முயற்சிக்கு எவ்வளவு பாயிண்ட் வந்ததுங்கிற சதவீதம். மொத்த பாயிண்டை 2 × (ஷாட் முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சி)ஆல வகுக்கணும். ஜோர்டானுக்குப் போட்டுப் பாருங்க: 32,292 ÷ [2 × (24,537 + 0.44 × 8,772)]. 56.9 சதவீதம் வரும். அந்த 0.44 எதுக்குன்னா, பொதுவா ரெண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்துதான் ஒரு பொசஷன், அதனால 0.5 வரணும்; ஆனா ஷாட்டும் விழுந்து ஃபவுலும் கிடைச்சா வர்ற ஒத்தை ஃப்ரீ த்ரோ தனி பொசஷன் ஆகாது. அதைக் கழிக்கத்தான். லெப்ரானுக்கு சுமார் 59. உடனே துள்ள வேண்டாம். ஜோர்டான் ஆடின காலத்துல லீக் சராசரி 53ஐ ஒட்டி, 2023-24ல 58. அந்தந்த சீசனோட சராசரியைக் கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்க.

இடதுகை லேஅப்

கணக்குப்பிள்ளை சொன்னது ஷாட் போடற கணக்கு மட்டும். தடுக்கிற கணக்கு எங்கே? 1987-88ல ஜோர்டான் எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது), ஸ்கோரிங்ல முதலிடம், டிஃபன்ஸ் விருது, மூணும் ஒரே சீசன்ல. ஃபைனல்ஸ் (கோப்பைக்கான கடைசித் தொடர்) 6 தடவை, ஆறும் ஜெயம், ஆறுலயும் ஃபைனல்ஸ் எம்விபி.

கையால தடவி நிறுத்துற டிஃபன்ஸை 2004-05லதான் கறாரா நிறுத்தினாங்க. அதுக்கு முன்னாடி ஆடினவர்னு ஜோர்டானுக்குக் கூடுதல் மார்க் போடணும்.

பழைய பாஸ்டன்

@இடதுகை லேஅப், அந்த வாதத்துல பாதியை விட்டுட்டீங்க. 2001-02 சீசனுக்கு முன்னாடி ஸோன் டிஃபன்ஸ் (ஆளை விட்டு இடத்தைக் காக்கிற தடுப்பு) சட்டவிரோதம். ஒரு பக்கத்தைக் காலி பண்ணிக் கொடுத்தா ஜோர்டான் ஒத்தைக்கு ஒத்தை. உதவிக்கு வர்றவன் முன்கூட்டியே பெயிண்ட்ல (கூடைக்கு முன்னாடி உள்ள கட்டம்) நின்னா விசில். லெப்ரான் ஓட்டிக்கிட்டு உள்ளே போறப்போ அங்கே ஏற்கெனவே ஒருத்தன் காத்திருக்கான். ரெண்டையும் கணக்குல எடுங்க, இல்லேன்னா ரெண்டையும் விடுங்க.

"ஆறுக்கு ஆறு" வாதமும் ஓட்டைதான். ஃபைனல்ஸுக்கு வந்து தோத்தா மைனஸ், முதல் சுற்றுலயே தோத்தா ஒண்ணுமில்லையா? 1985, 86, 87 மூணு வருஷமும் ஜோர்டான் முதல் சுற்றோட வீடு. லெப்ரான் 2011ல இருந்து 2018 வரைக்கும் தொடர்ந்து 8 ஃபைனல்ஸ். 2016 ஃபைனல்ஸ்ல, அந்த சீசன்ல 73 ஆட்டம் ஜெயிச்ச வாரியர்ஸ் அணிகிட்ட 3-1னு பின்தங்கி, மீண்டு வந்து கோப்பை. பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் (கூடை விழ வைக்கிற பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிக்கறது), பிளாக் (ஷாட்டைக் கையால தடுக்கறது) அஞ்சுலயும் ரெண்டு அணிக்கும் சேர்த்து அவர்தான் முதல். ஆனா 2011 டல்லாஸ் தொடர்ல சராசரி 17.8. உச்ச வயசுல அப்படி ஒரு சறுக்கல் ஜோர்டான் பக்கம் கிடையாது. இதை மறைக்கிற லெப்ரான் வக்கீலுக்கு மார்க்கைக் குறைங்க.

என் பெயரைப் பார்த்தே தெரிஞ்சிருக்கும், நான் பாஸ்டன் அணியோட ரஸ்ஸல் கட்சி. 13 சீசன்ல 11 கோப்பை. ஆனா 1957ல லீக்ல 8 அணிதான். டிவிஷன்ல முதலிடம் பிடிச்ச அணி ரெண்டு தொடர் ஜெயிச்சா கோப்பை, இன்னைக்கு நாலு தொடர். இது அவருக்கு எதிரான புள்ளி, ஒத்துக்கறேன். ஆதரவான புள்ளி என்னன்னா, பிளாக்கும் ஸ்டீலும் 1973-74லதான் எண்ண ஆரம்பிச்சாங்க, ஃபைனல்ஸ் எம்விபி விருதே 1969லதான் வந்தது. அவரோட கடைசி சீசன் அது. அவர் சாப்பாடே பிளாக்தான், பதிவேட்டுல ஒண்ணுகூட இல்லை.

கரீம் அப்துல்-ஜப்பாரை யாருமே எடுக்கலையே? 6 எம்விபி, இன்னும் யாரும் தொடலை. 38,387 பாயிண்டை லெப்ரான் தாண்ட 2023 பிப்ரவரி 7 வரைக்கும் ஆச்சு. உடம்பைப் பக்கவாட்டுல திருப்பி, ஒரு கையை வேலி மாதிரி வச்சு, இன்னொரு கை முழுசா நீண்ட உச்சியில பந்தை விடற ஸ்கைஹூக்கைத் தடுக்க ஆள் இல்லை. பழைய பதிவுல தேடுறப்போ 1971 கோப்பை வரைக்கும் லூ ஆல்சிண்டர்ங்கிற பெயர்ல பாருங்க. இல்லேன்னா ரெண்டு சீசனும் ஒரு கோப்பையும் காணாம போயிடும்.

அல்சூர்வாசி

நன்றி. இப்படிப் போட்டிருக்கேன்: மோதிரம் 25, ஃபைனல்ஸ் எம்விபி 15, எம்விபி 15, ஸ்கோரிங் பட்டம் 10, டிஃபன்ஸ் 15, நீண்ட ஓட்டம் 20. சரியா வருமா?

கணக்குப்பிள்ளை

வராது, ஒரே பொருளுக்கு ரெண்டு தடவை பில் போட்டிருக்கீங்க. மோதிரத்துக்கும் ஃபைனல்ஸ் எம்விபிக்கும் தனித்தனியா மார்க் போட்டா ஃபைனல்ஸ் நடக்கற ஒரே ஜூன் மாசத்துக்கு ரெண்டு பரிசு. ஸ்கோரிங் பட்டமும் எம்விபியும் அப்படித்தான். வெறும் மோதிரம்னா ராபர்ட் ஹாரி 7 வச்சிருக்கார், ஜோர்டானை விட ஒண்ணு கூட.

இப்படி மாத்துங்க: தொடர்ச்சியான சிறந்த 5 சீசன் 35, ப்ளேஆஃப் (சீசன் கடைசியில நடக்கற நாக்-அவுட்) ஆட்டம் 30, டிஃபன்ஸ் 15, நீண்ட ஓட்டம் 20. விருது எதுக்கும் தனி மார்க் வேண்டாம். டிஃபன்ஸுக்கு ஸ்டீல், பிளாக் பார்க்கிறப்போ உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம்னு பிரிச்சுப் பாருங்க. எழுதறது ஸ்கோர் டேபிள் ஆள், சொந்த ஊர்ல கை தாராளம். ரஸ்ஸலுக்கு இந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கும், அவர் அணி எவ்வளவு பாயிண்ட் விட்டுக்கொடுத்ததுன்னு லீக் சராசரியோட ஒப்பிட்டு நிரப்புங்க. என் கூட்டல்ல ஜோர்டான் நூலிழையில முன்னாடி. நீண்ட ஓட்டத்தை 30 ஆக்கினா லெப்ரான்.

கண்டீரவா கேலரி

தலைப்புல "ஆண்கள் என்பிஏ"ன்னு சேர்த்து எழுதிடுங்க சார். இல்லேன்னா 6 ஒலிம்பிக் தங்கம் வாங்கின டயானா டௌராசியை யாராவது கேட்டா நடுவர் முழிக்கணும். நம்ம ஊர் கண்டீரவா உள்ளரங்கத்துலதான் 2017ல இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பை பி பிரிவை ஜெயிச்சு மேல் பிரிவுக்குப் போனாங்க. சென்னை அனிதா பால்துரைக்கு 2021ல பத்மஸ்ரீ. அந்த அணியில இருந்த 12 பேர்ல யாரோட பெயரும் உங்க வாட்ஸ்அப் குரூப்ல வந்திருக்காது, பந்தயம்.

அல்சூர்வாசி

வரலை. தலைப்பை மாத்தறேன், பெண்களுக்கு அடுத்த மாசம் தனி மன்றம்.