ஆட்டின் இரத்தம் குடிக்கும் உருளைப்புழுவுக்கு ‘இருபுரிப்புழு’: கலைச்சொல் விவாதம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆடு வளர்ப்போர் கையேட்டுக்காக ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்ற புழுவுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று புதுவை நண்பர் கேட்டிருந்தார். மூன்று நாளில் நாவிதர்கம்பப் புழு, குருதிப்புழு, வட்டப்புழு, குடற்புழு என நான்கு பெயர்கள் வந்துவிட்டன. நான்கையும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் மனதுக்கு ஒப்பவில்லை.

> ‘குடற்புழு’ என்றே விட்டுவிடலாமே. மக்களுக்குப் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான் ஐயா, அதனால்தான் அஞ்சுகிறேன். இந்தப் புழு குடலில் இருப்பதில்லை. அசைபோடும் விலங்குக்கு உள்ள நான்கு அறைகளில் கடைசியான நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. குடற்புழு என்று சொன்னதும் நம் ஊரில் கழிச்சலைத்தான் தேடுவார்கள். இந்தப் புழுவோ பெரும்பாலும் கழிச்சல் இல்லாமலேயே ஆட்டைக் கொன்றுவிடும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் பதினொரு வெள்ளாடுகள் இருந்தன. ஐப்பசி மழை விட்டு ஏரிக்கரையெல்லாம் புல் தளதளவென்று எழுந்த நேரம். ஒரு கிடேரிக்குட்டி மந்தைக்குப் பின்னால் தள்ளாடியே வந்தது. “புழுக்கை நல்லாத்தான் போடுது, வயித்துல பூச்சி இருக்காதுடா” என்றார் அம்மா. நானும் நம்பினேன். நாலாம் நாள் தாடைக்குக் கீழே தண்ணீர் கட்டித் தொங்கியது, ஆறாம் நாள் குட்டி செத்துப்போனது. கால்நடை மருத்துவர் வயிற்றை அறுத்துக் காட்டினார். உள்சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல் நூலாய் நெளிந்துகொண்டிருந்தன. கீழ்க்கண்ணிமையை இழுத்துப் பார்த்திருந்தாலே போதும், காகிதம்போல வெளுத்திருந்தது தெரிந்திருக்கும். அதைப் பார்க்கத் தோன்றாமல் போனதற்கு ஒரு சொல்லும் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் இந்த இழையில் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது. கேட்கச் சிறியதாக இருக்கும். ஆயிரம் புழு சேர்ந்தால் 50 மில்லிலிட்டர். 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த இரத்தமே 1.4 லிட்டர் அளவுதான்.

‘நாவிதர்கம்பம்’ மேலைநாட்டு முடிதிருத்தகங்களின் வாசலில் சுழலும் சிவப்பு வெள்ளைக் கம்பத்திலிருந்து வந்த பெயர். கடலூர் முதுநகர் முதல் காட்டுமன்னார்கோயில் வரை எந்தக் கடை வாசலில் அதைப் பார்த்திருக்கிறோம்? கண்ணால் காணாத பொருளை உவமையாக்கினால் சொல் நிற்காது. ‘குருதிப்புழு’ பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் கொக்கிப்புழுவும் இரத்தம் குடிப்பதுதான். தவிர, வண்ணமீன் கடைகளில் ரத்தப்புழு என்று விற்பது கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் இளநிலை. ‘வட்டப்புழு’வைப் பேசவே வேண்டாம். வட்டம் தட்டையானது, இந்த உடம்பு உருளை. ‘நூற்புழு’ என்பதைக் கத்தரி, தக்காளி வேரில் முடிச்சுப் போடும் புழுவுக்கு உழவர்கள் பழகிவிட்டார்கள். இரண்டும் ஒரே தொகுதிதான் என்றாலும், விலங்குக்குள் வாழ்வதற்கு உருளைப்புழு என்பதே இருக்கட்டும்.

‘பூச்சி’ என்ற சொல்லைக் கையேட்டில் எங்குமே சேர்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் ‘பூச்சி மருந்து’ என்றால் ஆட்டுக்கு ஊற்றுவதும் அதுதான், வயலில் அடிக்கும் நஞ்சும் அதுதான்.

என் முன்மொழிவு: இருபுரிப்புழு.

புரி என்றால் முறுக்கு, முறுக்கிய இழை. முப்புரிநூல், வலம்புரி, வைக்கோற்புரி என்று நம்மிடம் ஏற்கெனவே வாழும் சொல். பெண்புழுவின் குடலில் இரத்தம் நிறைந்து சிவந்திருக்கும். அதைச் சுற்றி வெண்மையான கருப்பைக் குழல்கள் கயிறு திரித்தாற்போல் சுற்றிக் கிடக்கும். சிவப்பு ஒரு புரி, வெள்ளை ஒரு புரி. 1803இல் ருடால்ஃபி என்ற விலங்கியலாளர் இந்த இனத்துக்கு வைத்த ‘கன்டார்ட்டஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் முறுக்குண்டது என்றே பொருள். ஆகவே அறிவியல் பெயரின் உயிரும் இதில் இருக்கிறது.

நம் முன்னோர் இப்படித்தான் பெயர் வைத்தார்கள். காலில் கொப்புளம் வெடித்து நரம்புபோல நீண்டு வெளிவரும் கினி புழுவை நரம்புச்சிலந்தி என்றார்கள். சிலந்திக்குக் கட்டி, புண் என்றும் பொருள் உண்டு. கண்டதை அப்படியே சொன்னது அந்தப் பெயர். நோய் இந்தியாவை விட்டுப் போய்விட்டது, 2000இல் உலக நலவாழ்வு அமைப்பு அதற்குச் சான்றும் அளித்தது. சொல் இன்னும் அகராதியில் தெளிவாக நிற்கிறது.

அன்புடன்,
குறிஞ்சிப்பாடியிலிருந்து

---

> விருத்தாசலத்திலிருந்து: சொல் அழகு. இரண்டு ஐயங்கள். எங்கள் பக்கம் ‘வைக்கோல் பிரி’ என்றுதான் பேச்சு. ‘இருபிரி’ என்றால் இரண்டாகப் பிரிவது என்று கொள்ள மாட்டார்களா? அடுத்து, ஆண்புழுவில் அந்த முறுக்கே தெரியாதே?

ஐயா, இரண்டும் நியாயமான கேள்விகள்.

பிரி என்று பேசினாலும் களத்தில் கை திரிப்பது கயிற்றைத்தான். ‘இருபிரிப்புழு’ என்று வாய்க்கு வந்தாலும் பொருள் கெடாது, எழுத்தில் ‘புரி’ என்று நிலைநிறுத்துவோம். ஆண்புழு சிறியது, சீரான சிவப்பு, முறுக்குத் தெரியாது. உண்மை. ஆனால் வயிற்றைத் திறந்ததும் கண்ணில் முதலில் படுவது 3 சென்டிமீட்டர் வரை நீளும் பெண்தான். நாளுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இட்டு மேய்ச்சல் நிலத்தை நிரப்புவதும் அதுவே. கூவுவது ஆண்குயில், பெயர் இரண்டுக்கும்தானே?

புதுவை அம்மா ‘ஆட்டு இருபுரிப்புழு’ என்று முன்னொட்டுச் சேர்க்கலாமா என்று தனிமடலில் கேட்டார். வேண்டாம் அம்மா. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மட்டுமல்லாமல், மான் போன்ற அசைபோடும் காட்டு விலங்குகளுக்கும் இது வருகிறது. காட்டோரம் ஆடு மேயும் இடத்தில் ஒரே புல்லிலிருந்து இரண்டுக்கும் தொற்றும். பெயரில் ஆட்டைப் பூட்டிவிட்டால் வனத்துறைக்காரர் இன்னொரு சொல் தேடுவார்.

கையேட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

“மழைக்குப் பின் இருபுரிப்புழு பெருகும். பனி ஈரம் இருக்கும்போது இளம்புழுக்கள் புல் நுனிக்கு ஏறும். ஈரம் காய்ந்த பிறகு மேய விடுங்கள். கீழ்க்கண்ணிமை வெளுத்த ஆட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கழிச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி ஒரே மருந்தை ஊற்றினால் புழு அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிடும்.”

இதில் ‘இளம்புழு’தான் எனக்கு இடிக்கிறது. புல்லில் காத்திருக்கும் மூன்றாம் வளர்ச்சி நிலைப் புழு, இரண்டாம் நிலையில் கழற்ற வேண்டிய தோலைக் கழற்றாமல் உறையாகப் போர்த்தியிருக்கும். வெயிலையும் வறட்சியையும் அது ஓரளவு தாங்குவது அந்த உறையால். ‘போர்வைப்புழு’ என்கிறார் வீட்டில் என் மகள். ‘உறைப்புழு’ என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதை உறைந்த புழு என்று படித்துவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. உங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவர்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து, எதைக் கேட்டதும் புரிந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள்.