ப்ரீலோடு: முன்சுமையா, முன்னிறுக்கமா?

வணக்கம்.

கியர்பாக்ஸைப் பிரித்துக் கோக்கும் வேலையில், பேரிங்கில் ஆட்டம் இல்லாதபடி முன்கூட்டியே வைக்கும் அழுத்தமான ‘ப்ரீலோடு’ என்பதற்கு ‘முன்சுமை’ முன்மொழியப்பட்டிருக்கிறது. சொல் கச்சிதமானதுதான். ஆனால் டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்) பொருத்துகிறவர் கையில் அது இடறும் என்று கருதுவதால், ‘முன்னிறுக்கம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

சுமை என்றால் கிலோவிலோ நியூட்டனிலோ சொல்ல வேண்டும். பட்டறையிலோ இதை மில்லிமீட்டரில்தான் வைக்கிறார்கள். ஷிம் எனும் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைக் கப்புக்கு, அதாவது பேரிங்கின் வெளிவளையத்துக்கு, பின்னால் போட்டு, உறையை மூடி, போல்ட்டுகளை முறைப்படி முறுக்கி, ரோலர்கள் தம் இடத்தில் அமர ஷாஃப்ட்டைப் பல சுற்றுகள் சுற்றியபின், அதை அச்சின் போக்கில் மேலும் கீழும் அசைத்து, நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜில் ஆட்டத்தைப் பார்க்கிறோம். ஆட்டம் 0.20 மி.மீ., வேண்டிய இறுக்கம் 0.05 மி.மீ. என்றால், ஷிம்மின் கனத்தை 0.25 மி.மீ. கூட்ட வேண்டும். ஆட்டம் குறைந்து சுழியாகி, அதைத் தாண்டினால் இறுக்கம் என்று ஒரே அளவுகோலில் இரண்டும் அமைகின்றன. ‘0.05 மி.மீ. முன்னிறுக்கம்’ என்பது இயல்பாக வருகிறது, ‘0.05 மி.மீ. முன்சுமை’ என்றால் படிப்பவர் ஒரு கணம் நிற்பார்.

சுழியைத் தாண்டியபின் டயல் கேஜ் எதையும் காட்டாது. அப்போது ஷாஃப்ட்டில் கயிற்றைச் சுற்றி, சுருள்வில் தராசால் சீராக இழுத்துப் பார்ப்பார்கள். 25 மி.மீ. ஆரத்தில் 2 கிலோ இழுப்பு என்பது ஏறத்தாழ 0.5 நியூட்டன் மீட்டர். பேரிங்கில் எண்ணெய் இருக்க வேண்டும், ஆயில் சீல் போட்டிருக்கக் கூடாது; சுழலத் தொடங்கும் கணத்து அளவை விட்டுவிட்டு, சுழன்றுகொண்டிருக்கும்போது தெரிவதையே கொள்ள வேண்டும். இந்த அளவுக்குச் ‘சுழல்தடை’ எனத் தனிச்சொல் தேவை. இல்லையேல் போல்ட்டை முறுக்கும் அளவோடு குழம்பிவிடும்.

‘முன்’ என்றால் எதற்கு முன் என்ற ஐயமும் எழுப்பப்பட்டது. வண்டியின் சுமை வருவதற்கு முன் என்பது அதன் பொருள். அலுமினிய உறையில் சூடேறுவதற்கு முன் என்பதும் சேர்கிறது. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பேரிங்குகளுக்கு இடையே 200 மி.மீ. தொலைவு இருந்து, உறையும் ஷாஃப்ட்டும் 60 பாகை சூடேறினால், இரண்டின் விரிவுக்கும் சுமார் 0.13 மி.மீ. வேறுபாடு வரும். குளிர்ந்த நிலையில் வைத்த இறுக்கம் ஓட்டத்தில் தளர்வதும், சில இடங்களில் ஆட்டமாகவே மாறுவதும் இதனால்தான். அதற்காகக் கண்டபடி இறுக்கினால், ரோலர் ஓடும் பரப்பு விரைவிலேயே செதில் செதிலாகப் பெயர்ந்துவிடக்கூடும். ஆகவே, எத்தனை மில்லிமீட்டர் என்பதை அந்தந்த கியர்பாக்ஸின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். சில கியர்பாக்ஸ்களுக்கு இறுக்கமே கேட்காமல் சிறிது ஆட்டம் விடச் சொல்லியிருப்பார்கள்.

‘இறுக்கம்’ என்றதும் போல்ட் நினைவுக்கு வரும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் போல்ட்டை முறுக்கும்போது அதனுள் எழும் இழுவிசைக்கும் ஆங்கிலத்தில் ப்ரீலோடு என்றே பெயர் என்பதால், ‘பேரிங் முன்னிறுக்கம்’, ‘போல்ட் முன்னிறுக்கம்’ என்று அடைகொடுத்து எழுதலாம். பேரிங், ஷிம், கப் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம். உதிரிபாகக் கடையில் வேறு பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது.