குட்டை ஷூ எந்தப் பக்கட்டு, கண்ணு?

*சனிக்கிழமை*

நான்: மாமா, முழிச்சிருக்கீங்களா? பக்கத்து வீட்டுத் தாத்தாவோட 1929 ஃபோர்டு காருக்கு இன்னிக்கு ஒரு லாரியோட முன் பிரேக்கை மாட்டறோம். போட்டோ போட்டிருக்கேன், ஒரு பார்வை பாருங்க.

அக்கா (ஈரோடு): அந்தக் குட்டி கார் தானே? அதுக்கெதுக்குடா லாரி பிரேக்கு?

நான்: பெரிய லாரி இல்லக்கா, 1950கள்ல வந்த எஃப்-100 பிக்கப். காருக்கு மொதல்ல இருந்த இஞ்சின் 40 குதிரைத்திறன். இப்ப உள்ள இருக்கறது 1949 ஃபோர்டு வி8, 100 குதிரைத்திறன். பழைய பிரேக்குல ஆயிலே கிடையாது. பெடல்ல இருந்து சக்கரம் வரைக்கும் கம்பி இழுத்துத்தான் நிக்கணும். ஃபோர்டுல 1938 வரைக்கும் அப்படித்தான், 1939ல தான் ஆயில் பிரேக்குக்கு வந்தாங்க.

சின்ன மச்சான் (கோவை): டிஸ்க் போட்டா வேலை முடிஞ்சுதே?

நான்: தாத்தா ஒத்துக்க மாட்டார் மச்சான். அவங்கண்ணன் இங்க கலிஃபோர்னியாவுல எல் மிராஜ் வறண்ட ஏரியில ரேஸ் ஓட்டினவர். அப்பவே காயலாங்கடையில பிக்கப்பு பிரேக்கைக் கழட்டிட்டு வந்து இந்த மாதிரி ஆக்சில்ல மாட்டியிருக்காங்க. அண்ணன் இப்ப இல்ல. அவர் செஞ்ச மாதிரியே செய்யணுங்கறார். எனக்கும் அதுதான் சரின்னு படுது.

பெரிய மாமா (நாமக்கல்): பாத்தேன் கண்ணு. ஆக்சில் எந்த வருசத்துது? டிரம் எத்தன இஞ்சு?

நான்: ஆக்சிலும் அதோட நுனியில வீல் சுத்தற ஸ்டப்பும் 1940கள்ல வந்த ஃபோர்டு காரோடது மாமா. அதுல வீலோட சுத்தற டிரம் 12 இஞ்சு, உள்ள இருந்து டிரம்மை அழுத்தற ஷூ அகலம் ஒண்ணே முக்கால். இப்ப மாட்டறது 11 இஞ்சு, அகலம் 2. வீல் போல்ட்டு ரெண்டுலயும் அஞ்சு, அஞ்சரை இஞ்சு வட்டத்துல. அதனால வீலை மாத்த வேண்டியதில்ல.

பெரிய மாமா (நாமக்கல்): 12ல இருந்து 11க்கு எறங்கறயே, பிரேக் கொறையாதா?

நான்: நானும் அதத்தான் தாத்தாகிட்ட கேட்டேன். அந்த 12 இஞ்சு பிரேக்குல ரெண்டு ஷூவுக்கும் கீழ தனித்தனி ஆணி. வண்டி முன்னால போறப்ப முன் ஷூவ டிரம் தன் பக்கம் இழுக்கும், பின் ஷூவ விலக்கித் தள்ளிடும். அதனால பாதி வேலைதான் நடக்கும். புதுசுல ஷூ ரெண்டையும் கீழ ஒரு அட்ஜஸ்டர் சேத்துப் பிடிச்சிருக்கு, மேல ஒரே ஒரு ஆணி. முன் ஷூ டிரம்மைப் பிடிச்சதும் அதுவும் சேந்து சுத்தப் பாக்கும், அட்ஜஸ்டர் வழியா பின் ஷூவ நெட்டும். பின் ஷூ மேல் ஆணில முட்டி டிரம்மை நல்லா அழுத்தும். வண்டி ஓடற வேகமே பிரேக்குக்குப் பலம், பூஸ்டர் வேண்டியதில்ல. பெரும்பாரம் தாங்கறது பின் ஷூங்கறதால அதுல டிரம்மை உரசற லைனர் நெட்டை, முன்னதுல குட்டை.

பெரிய மாமா (நாமக்கல்): செரி செரி. நம்ம லாரில கேம் திரும்பி ரெண்டையும் தள்ளும், இது வேற கணக்கு. பேக் பிளேட் நடுவுல உக்காந்துச்சா?

நான்: அங்கதாங்க மாமா மூணு வாரம் போச்சு. ஷூவெல்லாம் தாங்கற பிக்கப்பு பேக் பிளேட்டோட நடு ஓட்டை நம்ம ஸ்டப்போட தோளை விடப் பெருசு. நாலு போல்ட்டும் சேந்துச்சு, இறுக்கினா உக்காந்த மாதிரிதான் இருந்துச்சு. டிரம்மை மாட்டிச் சுத்தினா ஒரு எடத்துல உரசும், ஒரு எடத்துல லூசு. லேத்துல வளையம் கடைஞ்சு உள்ள போட்டப்புறம்தான் நடுவுக்கு வந்துச்சு. வளையம் கையால அழுத்தினா நிக்கணும், கவுத்தா விழக்கூடாது, அந்த அளவு.

பெரிய மாமா (நாமக்கல்): அது நல்ல வேல. பழைய லைனர் தூசியக் காத்தடிச்சு ஊதிறாத சாமி. அந்தக் காலத்து லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணில தொட.

நான்: சரிங்க மாமா. ஈரத்துணியும் மாஸ்க்கும் எடுத்து வெச்சிருக்கேன்.

அக்கா (ஈரோடு): பைப்பு எங்கயாச்சும் ஒழுகுனா என்னடா ஆகும்? எல்லாப் பிரேக்கும் போயிருமா?

நான்: பெடல மிதிச்சா ஆயிலைத் தள்றது மாஸ்டர் சிலிண்டர், அதுல ஒரே அறைன்னா போயிரும்க்கா. அதனால முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை இருக்கறதா வாங்கிட்டோம். அமெரிக்கக் கார்கள்ல 1967க்கு அப்புறம் அதுதான். பழைய மாதிரி இருக்கணும்னு சொல்ற தாத்தாவே இதுல மட்டும் மறுபேச்சு பேசல.

*ஞாயிற்றுக்கிழமை*

நான்: மாமா, வண்டி வலப்பக்கம் இழுக்குது. பைப்புல இருந்த ஏர் ரெண்டு தடவை எடுத்தாச்சு, பெடல் கல்லு மாதிரி இருக்கு. ஆனா 30 மைல்ல மிதிச்சா ஸ்டியரிங் கையை விட்டுப் போகுது. தாத்தா ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டார். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

பெரிய மாமா (நாமக்கல்): எடப்பக்கம் பிடிக்கலைன்னு அர்த்தம். லைனர்ல கிரீசு பட்டுதா?

நான்: இல்லைங்க மாமா. கழட்டிட்டேன், சுத்தமா இருக்கு. ரெண்டு பக்கமும் போட்டோ போடறேன்.

பெரிய மாமா (நாமக்கல்): எட வீலு போட்டோவுல வண்டி மூஞ்சி எந்தப் பக்கட்டு?

நான்: எனக்கு இடப்பக்கம்.

பெரிய மாமா (நாமக்கல்): குட்டை லைனர் எந்தப் பக்கட்டு இருக்குது?

நான்: வலப்பக்கம்…

நான்: மாமா!! ரெண்டு வீலு முன்னாடியும் உக்காந்து என் வலக்கைப் பக்கமே குட்டைய மாட்டியிருக்கேன். வல வீலுக்கு அது முன்னாடி. இட வீலுக்கு அது பின்னாடி.

பெரிய மாமா (நாமக்கல்): போச்சாது விடு. நேத்து நீ சொன்னத வெச்சுத்தான் பாத்தேன். மாத்தி மாட்டு. அட்ஜஸ்டரத் திருப்பி டிரம் லேசா உரசற வரைக்கும் கொண்டு வந்து, கொஞ்சமா பின்வாங்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. பேக் பிளேட் நட்டுல ஸ்பிளிட் பின் போட்டயா?

நான்: எட்டும் புதுசு மாமா.

சின்ன மச்சான் (கோவை): என்னாச்சு? ரெண்டு மணி நேரமா போனைப் பாத்துட்டே இருக்கோம்.

நான்: நிக்குது மச்சான்! நேராப் போய் நேரா நிக்குது. ஆறு தடவை மிதிச்சேன். கடைசில கையையே எடுத்துட்டேன், ஸ்டியரிங் அசையல.

பெரிய மாமா (நாமக்கல்): உடனே எறங்கி ரெண்டு டிரம்முக்கும் பக்கத்துல கையக் கொண்டு போ. தொட்றாத.

நான்: ரெண்டும் ஒரே சூடுங்க மாமா.

பெரிய மாமா (நாமக்கல்): அப்பச் செரி. லைனர் படியற வரைக்கும் மெதுவா ஓட்டு, பொறவு ஒருக்கா அட்ஜஸ்ட் பண்ணு.

அக்கா (ஈரோடு): தாத்தா என்னடா சொன்னார்?

நான்: ஒண்ணும் சொல்லலக்கா. அவங்கண்ணன் போட்ட பழைய தொப்பிய எடுத்துட்டு வந்து பக்கத்து சீட்ல உக்காந்திருக்கார். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கூப்பிடறேன்.