எச்.பி. 9.2

குழு: மானாமதுரை வீடு

மீனா (காலை 7.05): நேற்று பரிசோதனைக்குப் போய்வந்தேன். இரத்த அழுத்தம் 110/70. குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். எச்.பி. (இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) மட்டும் 9.2. மூன்றாம் மாதத்தில் 10.6 இருந்தது.

அம்மா (7.09): ஐந்து மாதத்தில் ஒன்பதா? நீ சாப்பிடுகிறாயா இல்லையா, மீனா? எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாமா (7.15): பயப்படாதே அக்கா. பீட்ரூட் சாறும் மாதுளையும் கொடுத்தால் ஒரே வாரத்தில் இரத்தம் ஊறிவிடும் என்று ஒரு செய்தி வந்தது. பாலில் குங்குமப்பூவும் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி (7.21): அம்மாச்சி பக்கத்தில்தான் இருக்கிறார், சொல்லச் சொல்ல எழுதுகிறேன். “சுவரொட்டி, ஆட்டு மண்ணீரல், வாங்கிக் கொடுங்கள். முருங்கைக்கீரை தினமும் சேரட்டும். பிள்ளைத்தாய்ச்சி வெள்ளிக்கிழமை விரதம் இருக்க வேண்டாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.”

பெரியம்மா (7.40): அம்மாச்சி சொன்ன மூன்றும் சரி. சுவரொட்டியை நன்றாக வேகவைத்துக் கொடுக்க வேண்டும். மாமா சொன்ன குங்குமப்பூவில் இரத்தமும் ஊறாது, நிறமும் வராது. மாதுளை சாப்பிடட்டும், ஆனால் 9.2-ஐப் பழத்தால் மட்டும் ஏற்றிவிட முடியாது. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனாலே இரத்தச்சோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்து.

மீனா, உனக்குக் கொடுத்த மாத்திரைகளைப் படம் எடுத்துப் போடு. எந்த நேரத்தில், எதோடு போடுகிறாய் என்றும் சொல்.

மீனா (7.48): [புகைப்படம்] இதுதான் பெரியம்மா. காலை டிபன் முடிந்ததும் இரும்பு, கால்சியம் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவேன். எட்டரைக்குள் உள்ளே போக வேண்டும்.

பெரியம்மா (7.56): படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாத்திரை அட்டைக்குப் பின்னால் டபராவில் காபி ஆவி பறக்க இருக்கிறது. அந்தக் காபியில்தான் விழுங்குகிறாயா?

மீனா (7.57): ஆமாம். தண்ணீரில் போட்டால் குமட்டுகிறது.

பெரியம்மா (8.10): கண்ணே, காபியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். கால்சியத்தைக் கூடவே போட்டால் அதுவும் தடுக்கும். சிவப்பாக இருக்கும் இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். காபி, டீ சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போதான்.

காலை உணவோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டோடு ஒன்று. இரவு ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு மேல் சிவப்பு மாத்திரை. தண்ணீரில் பாதி எலுமிச்சம்பழம் பிழிந்து அதோடு போடு, அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள். புளிப்பு இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். படுக்கப்போகும் நேரத்தில் போட்டால் குமட்டலும் அவ்வளவாகத் தெரியாது.

இன்னொன்றும் கேட்கிறேன். அட்டையில் பத்து குழியில் ஏழு அப்படியே இருக்கின்றன. போன மாதம் கொடுத்த அட்டைதானே இது?

(8.10-க்குப் பிறகு பதில் இல்லை.)

அம்மா (மதியம் 12.30): மீனா, பெரியம்மா கேட்டதற்குப் பதில் சொல்லம்மா.

மீனா (1.15): இத்தனை பேர் இருக்கும் குழுவில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாத்திரை போட்ட நாளிலிருந்து வெளிக்குக் கறுப்பாகப் போகிறது. மலச்சிக்கல் வேறு. உள்ளே இரத்தம் கசிகிறதோ, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடம் போடுகிறேன் என்றே சொல்லிவந்தேன்.

அப்பா (1.18): இதில் வெட்கப்பட என்னம்மா இருக்கிறது? நம் வீட்டு ஆட்கள்தானே. சொன்னாயே, அதுவே போதும்.

பெரியம்மா (1.34): நல்ல வேளை சொன்னாய். உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியேறுவதால்தான் கறுக்கிறது. அதனால் கெடுதல் எதுவும் இல்லை. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, கொய்யாப்பழம், மாலையில் கொஞ்சம் நடை. அப்படியும் தீரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல், வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள். நீயாக நிறுத்தக் கூடாது.

31 ஆண்டு கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஆரம்பக் காலத்தில் என் பகுதியில் ஒரு பெண். ஒவ்வொரு முறையும் “மாத்திரை போடுகிறாயா?” என்று கேட்பேன், “போடுகிறேன் அக்கா” என்பாள். நானும் அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். பிரசவத்துக்கு வந்தபோது எச்.பி. 6.8. பிள்ளை பிறந்ததும் இரத்தப்போக்கு நிற்கவில்லை. நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள். பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் என் மாத்திரைகள் மண்ணில் ஊறிச் சிவந்து கிடந்தன. அவளும் இதே கறுப்பைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறாள். அன்றிலிருந்து எவளிடமும் “போடுகிறாயா” என்று கேட்டதில்லை. “போட்டால் என்ன செய்கிறது” என்றுதான் கேட்பேன். இன்று காலை உன்னிடமும் அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

கார்த்திக் (1.50): அத்தை, வணக்கம். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஊசி போட்டால் சீக்கிரம் ஏறும் என்கிறார்களே, தனியார் மருத்துவமனையில் போட்டுவிடலாமா?

பெரியம்மா (2.12): மாப்பிள்ளை, முதலில் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகட்டும். சரியாகப் போட்டால் மாதத்துக்கு ஒரு புள்ளியாவது ஏற வேண்டும். 11-க்குக் குறைந்தவர்களுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டாகக் கொடுப்பது வழக்கம், அதை மருத்துவர் சொல்லட்டும், நாமாகக் கூட்ட வேண்டாம். ஒரு மாதத்தில் ஏறவில்லை என்றால் நரம்பில் ஏற்றும் இரும்பு ஊசி அரசு மருத்துவமனையிலேயே போடுவார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். நான்காம் மாதத்துக்கு மேல் ஒன்று கொடுப்பார்கள். குடலில் கொக்கிப்புழு இருந்தால் எவ்வளவு சாப்பிட்டும் பயனில்லை.

கேட்டால் தப்பாக நினைக்கக் கூடாது, மாப்பிள்ளை. உங்கள் வீட்டில் இரவு மீனா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள்?

கார்த்திக் (2.20): நாங்கள் எல்லோரும் முடித்த பிறகு, ஒன்பதரை, பத்து ஆகும் அத்தை. அவளாகத்தான் அப்படி உட்காருவாள்.

பெரியம்மா (2.31): அவளாக உட்காரவில்லை, மாப்பிள்ளை. நாங்கள் வளர்த்த வளர்ப்பு அது. என் அம்மா அப்படி, நான் அப்படி, அவள் அம்மாவும் அப்படி. கடைசியில் உட்காரும்போது காயும் இருக்காது, முட்டையும் இருக்காது, அடிச்சட்டியில் குழம்பும் ரசமும்தான் இருக்கும். வயிற்றில் பிள்ளை வளர வளர அவள் இரத்தம் பாதிப் பங்கு கூடியாக வேண்டும், அதற்கு இந்த ரசம் போதாது. ஏழரைக்கு அவளுக்கு முதல் தட்டு வையுங்கள். சம்பந்தியம்மாவிடம் நான் பேசுகிறேன். நல்ல மனுஷி, சொன்னால் புரிந்துகொள்வார்.

கார்த்திக் (2.36): நானே சொல்கிறேன் அத்தை. இன்று முதல் அவளோடு உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன்.

அம்மா (2.40): அரசு கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் இரும்பு டானிக்கும் இருந்ததே, எங்கே?

மீனா (2.44): பேரீச்சை பிள்ளைகள் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் அம்மா. டானிக் அலமாரியில் இருக்கிறது.

பெரியம்மா (2.52): பிள்ளைகளுக்கு வேறு வாங்கிக்கொடு. அது உனக்கு வந்தது. டானிக்கையும் மாத்திரையையும் சேர்த்து எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள். சர்க்கரைத் தண்ணீர் குடித்து எடுக்கும் சோதனை முதல் மாதங்களில் ஆகியிருந்தாலும், 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு முறை எடுக்க வேண்டும். மறந்துவிடாதே.

இதை மட்டும் எல்லோரும் கவனியுங்கள். தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் வீங்குவது, இரத்தம் படுவது, நீர் கசிவது, பிள்ளை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் குழுவில் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே 108.

மாமா (3.05): முன்பு அனுப்பிய பீட்ரூட் செய்தியை அழித்துவிட்டேன் அக்கா. சனிக்கிழமை திருப்பூருக்கு வருகிறேன். நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் கொண்டுவருகிறேன்.

தம்பி (3.08): அம்மாச்சி: “கீரையை ஈரத்துணியில் சுற்று. பஸ்ஸில் ஜன்னலோரம் வைக்காதே.”

மீனா (இரவு 9.42): போட்டுவிட்டேன்.

பெரியம்மா (9.43): எதோடு?

மீனா (9.43): எலுமிச்சைச் சாறோடு. ஏழரைக்குச் சாப்பிட்டோம், முட்டை இருந்தது. அத்தைதான் எடுத்து வைத்தார்.

பெரியம்மா (9.45): போட்ட பிறகு என்ன செய்கிறது?

மீனா (9.51): லேசாகக் குமட்டியது. இப்போது இல்லை.

பெரியம்மா (9.52): சரி. இடது பக்கமாகத் திரும்பிப் படு. நாளைக்கும் கேட்பேன்.