கோண்டாவில் வீட்டார் குழுமம்: பின் சில்லுப் பிரச்சினை

*சனி இரவு (ரொறன்ரோ நேரம்)*

*சுதன்:* மாமா, அங்க விடிஞ்சிட்டுதோ? என்ர நிசான் ஸ்கைலைன் காரின்ர டாஷ்ல ஹைகாஸ் லைற் பத்தி நூரவே மாட்டன் எண்டுது. ஸ்ரியரிங் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. 401 ஹைவேயில போகேக்க பின்பக்கம் அங்கால இங்கால ஆடுது. முழுசாக் கழட்டி எறிவம் எண்டு பாக்கிறன்.

*பெரியம்மா:* (படம்) நல்லூரான் கொடியேற்றம். எல்லாரும் பாத்துக் கும்பிடுங்கோ 🙏

*பெரியம்மா:* என்னத்தைக் கழட்டப்போறாய் பிள்ளை?

*சுதன்:* ஹைகாஸ் பெரியம்மா, பின் சில்லைத் திருப்புற சாமான்.

*பெரியம்மா:* பின் சில்லும் திரும்புமோ?? இதென்ன புதினம்.

*மாமா:* ஏன் அக்கா, வயலுக்கை நெல்லு வெட்டுற மெசினுக்குப் பின் சில்லுதானே திரும்புறது. கிளிநொச்சியில பாத்திருப்பியள். இவன்ர காருக்கு முன்னதும் திரும்பும், பின்னதும் ஒரு பாகை மட்டில திரும்பும்.

*தர்சன் மெல்பேர்ன்:* மச்சான் யோசிக்காதை, கழட்டு. நான் ஆர்33 ஸ்கைலைன் வைச்சிருக்கேக்க பின்னேரத்துக்குள்ள, பின் சில்லு திரும்பாமல் பிடிக்கிற லொக் பார் போட்டு முடிச்சனான்.

*மாமா:* தம்பி, உன்ரது கரண்டில வேலை செய்யிறது. இவன்ர 91ஆம் ஆண்டு ஆர்32. அது ஒயில். முன்னுக்கு பவர் ஸ்ரியரிங் பம்பில இருந்து பைப் பின் சில்லைத் தள்ளித் திருப்புற ராக் மட்டும் ஓடுது. ராக்கைக் கழட்டினா அந்த ஒயிலுக்கு ஒரு வழி சொல்லவேணும்.

*தர்சன் மெல்பேர்ன்:* அட ஓம். அது மறந்துபோச்சு.

*மாமா:* (குரல் பதிவு 2:40)

*கவி லண்டன்:* மாமா இங்க சாமம் ரெண்டு மணி, பிள்ளையை இப்பதான் நித்திரையாக்கினனான். எழுதுங்கோ.

*மாமா:* சரி. விரல் நோகுது, எண்டாலும் எழுதுறன். நிசான் 85இல ஆர்31க்கு ஹைகாஸ் போட்டது. 89இல ஆர்32க்கு வந்ததுதான் சுப்பர் ஹைகாஸ். வேகமா லேன் மாத்தேக்க பின் சில்லு முதல் ஒரு கணம் எதிர்ப்பக்கம் திரும்பும். அதால மூக்கு சட்டெண்டு உள்ளுக்கு வரும். உடனை முன் சில்லோட ஒரே பக்கத்துக்கு வந்திடும், வால் எறியாது. 87இல வந்த ஹொண்டா பிறெலூட்டில வேற கதை. அது கொம்பியூட்டர் இல்லாமல் முன்னுக்கும் பின்னுக்கும் தண்டு பூட்டினது. கொஞ்சம் திருப்பினா ஒரே பக்கம், நல்லா வளைச்சா எதிர்ப்பக்கம் 5.3 பாகை மட்டும் போகும். அதால சின்ன இடத்திலயும் பார்க் பண்ணலாம். உன்ரது பார்க்கிங்குக்கு உதவாது, ஓட்டத்துக்குத்தான்.

*மாமா:* இப்ப யோசி. லைற் பத்தினா கொம்பியூட்டர் பின் சில்லைக் கைவிட்டிடும். ராக்குக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்து வைச்சிருக்கும். அப்ப பின்பக்கம் ஆடுறது ஹைகாஸ் திருப்பியில்லை, எங்கையோ லூஸ். சில்லுப் பக்கம் பூட்டுற போல் ஜொயின்ற் தேய்ஞ்சிருக்கும். 30 வருசம் தாண்டின கார், கம்பனியைச் சொல்லி என்ன.

*சுதன்:* அப்ப ஸ்ரியரிங் ஏன் இறுகுது?

*மாமா:* முன் ஸ்ரியரிங்கின்ர பாரத்தையும் அதே கொம்பியூட்டர்தான் பாக்கிறது. அதாலதான் சொல்லுறன், வயரை மட்டும் இழுத்துவிட்டிட்டு ஹைகாஸ் கழட்டியாச்சு எண்டு திரியிறவை இருக்கினம். லூஸ் அப்பிடியே கிடக்கும், ஸ்ரியரிங் பாரமும் கூடிப்போகும். ஒண்டு கேக்கிறன், ஸ்ரியரிங் வீல் மாத்தினியோ?

_சுதன் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்_

*கவி லண்டன்:* 😂😂 நான் வாசிச்சிட்டன்

*சுதன்:* போன கிழமை மாத்தினனான் மாமா.

*மாமா:* வீலைத் தண்டில பூட்டுற பொஸ் என்ன போட்டனி?

*சுதன்:* சாதாரண பொஸ். ஹைகாஸுக்கு எண்டு இருந்தது விலை கூட.

*மாமா:* அப்ப லைற்றுக்குக் காரணம் நீதான். வீலுக்குப் பின்னால இருக்கிற சென்சரை அந்த பொஸ்ஸிலதான் கொழுவுறது. உனக்குப் போட்டதில கொழுவ இடமில்லை, நீ எவ்வளவு திருப்புறாய் எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியாது.

*அப்பா:* விலை கூடவாம். ரயருக்கு எவ்வளவு குடுத்தனி எண்டு மாமாட்டச் சொல்லு.

*ஞாயிறு*

*சுதன்:* (வீடியோ 0:34) பின்பக்கம் ஜாக் போட்டு உயர்த்தியிருக்கிறன். சில்லை ரெண்டு பக்கத்தாலயும் பிடிச்சு ஆட்டினா இடப்பக்கம் டொக் டொக் எண்டுது. ரப்பர் பூட் வெடிச்சு உள்ளுக்கு கிறீஸ் காய்ஞ்சு மண்ணாய்ப் போச்சு.

*மாமா:* நான் சொன்னதுதான். ஜொயின்றை மாத்து, சரியான பொஸ்ஸைப் போடு, கடைசியா வீல் எலைன்மென்ற். ஹைகாஸ் இருக்கட்டும். நீ பின் சில்லைச் சறுக்கவிட்டு ட்ரிப்ற் அடிக்கிற ஆளும் இல்லை.

*தர்சன் மெல்பேர்ன்:* அந்த ஆக்கள் கட்டாயம் கழட்டுவினம். பின்பக்கம் தன்ர பாட்டுக்கு நிக்காட்டி அவைக்குக் கணக்குப் பிழைச்சிடும்.

*மாமா:* ஓம், அவைக்குச் சரி. பொறு சுதன், வீடியோவில 20ஆவது செக்கன்ல ராக்கின்ர நுனி மினுங்குது. துடைச்சுப் பார்.

*சுதன்:* துடைச்சன். ரெண்டு நிமிசத்தில திரும்ப ஈரம். சிவப்பு ஒயில்.

*மாமா:* ஓ. அப்ப கதை வேற. சீல் போயிட்டுது. அந்த ராக்குக்கு சாமான் தேடி அலைஞ்சு, பிரிச்சுக் கட்டுறதுக்குள்ள பனி கொட்டத் தொடங்கிடும். தர்சன் சொன்ன லொக் பாரைப் போடு. புது ஜொயின்றோட வாறதாப் பாத்து வாங்கு. பைப்பை நுனியில நசுக்கி அடைக்காதை, பம்புக்கே ஒயில் திரும்பிப் போற மாதிரிக் கட்டவேணும். கொம்பியூட்டரை மட்டும் தொடாதை. பார் போட்டபிறகு பின் சில்லின்ர ரோ, அதாவது சில்லு நேராப் பாக்குதோ எண்டு, சரிபாக்காமல் 401 பக்கம் போகப்படாது.

*கவி லண்டன்:* இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிப்போட்டுச் செய்.

*சுதன்:* ஓம் அக்கா. பழைய ராக்கை விக்கட்டோ மாமா?

*மாமா:* விக்காதை. ஒயில் பூசி, பொலித்தீனில சுத்தி வை. எப்பவாவது சீல் கிடைச்சா திரும்பப் பூட்டலாம்.

*அம்மா:* பேஸ்மென்ற்றில இடமில்லை. முதல் போன வருசம் கொண்டந்து வைச்ச எஞ்சினை எடுக்கச் சொல்லுங்கோ.