பிரேக் பெடல் சாஃப்டா உள்ள போகுது, மதுரை பக்கம் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே

வீட்டு வண்டி, ஏழு சீட் டீசல் எஸ்யூவி, முன்னாடி டிஸ்க் பின்னாடி டிரம், ஏபிஎஸ் (சடன் பிரேக்குல வீல் லாக் ஆகாம பாத்துக்கிறது) உண்டு. பெடல மிதிச்சா பாதி தூரம் சும்மா இறங்கிட்டு அப்புறம்தான் பிடிக்குது, ரெண்டு மிதி பம்ப் பண்ணா இறுகிடுது. திருமங்கலம் ரோட்டுல ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டு பேட் மாத்தி, டாட் 4 பிரேக் ஆயில் புதுசா ஊத்தி, நாலு வீல் பிரேக் லைன்லயும் நின்ன ஏர் எடுத்தாச்சு, கொஞ்ச நாள் நல்லா இருந்துட்டு மறுபடி அதே கதை. ஆயில் அளவு குறையல, எங்கிட்டும் கசிவும் இல்ல.

இஞ்சின் ஓடும்போது அழுத்தி அப்படியே வச்சிருந்தா பெடல் மெதுவா கீழ இறங்குதுண்ணே, அதான் மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா பிரேக் ஆயில பிரஷரோட வீலுக்குத் தள்ளுற பாகம்) உள்ள சீல் போயி வெளிய ஒழுகாம உள்ளுக்குள்ளயே பிரஷர் விடுதோன்னு டவுட்டு. மெக்கானிக் பூஸ்டர (நாம மிதிக்கிற பலத்த கூட்டிக் குடுக்குறது) மாத்துங்கிறாரு. பூஸ்டர் போனா பெடல் கல்லு மாதிரில்ல ஆகும்?

பின் டிரம்முக்கும் உள்ள இருக்க பிரேக் ஷூவுக்கும் நடுவுல கேப் கூடியிருந்தாலும் பம்ப் பண்ணா இறுகும்ங்கிறாய்ங்க, அத மொதல்ல பாக்கவா? ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள ஏர் நின்னா ஸ்கேனர் போட்டுத்தான் எடுக்கணுமாம்ல, அரப்பாளையம், மாட்டுத்தாவணி பக்கம் அது வச்சிருக்கவங்க யாரும் இருக்காங்களா? மாஸ்டர் சிலிண்டர்னா சீல் கிட் போதுமா முழுசா மாத்தணுமா, எம்புட்டு ஆகும்?

வண்டிய நிப்பாட்டித்தான் வச்சிருக்கேன். வீட்டுல கொடைக்கானல் கொடைக்கானல்னு உசுர வாங்குறாங்க, இந்த பெடல வச்சு வத்தலக்குண்டுக்கு மலை இறங்க நம்மால ஆகாதுப்பா.