விசிட் விசாவில் நான்கு நாள் கோச்சிங்

பேட்மின்டன் கோச்சாக வெளிநாடு போக வேண்டும் என்று யார் என்னிடம் கேட்டாலும், நான் முதலில் சொல்வது அந்த ஸ்டோர் ரூமைப் பற்றித்தான்.

2022 கடைசியில் துபாயிலிருந்து ஒரு அகாடமி மேனேஜர் பேசினார். "விசிட் விசாவில் வந்து இறங்குங்க சார், மற்றதை இங்கே பார்த்துக்கலாம்." விசிட்டில் போய், அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாற வழி உண்டு, பலர் மாறியிருக்கிறார்கள். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் வேலை பெர்மிட் (அங்கே வேலை செய்ய அரசு தரும் அனுமதி) கைக்கு வரும்வரை கோர்ட்டில் நின்று பயிற்சி கொடுக்கக் கூடாது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இறங்கிய மறுநாளே சாயங்கால பேட்ச். நான்காவது நாள், பக்கத்து ஹாலுக்கு ஆய்வுக்கு ஆட்கள் வந்திருப்பதாக யாரோ போன் செய்தார்கள். பிள்ளைகளுக்கு ஷட்டில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஸ்டோர் ரூமில் விட்டார்கள். நெட் கம்பங்களுக்கும் ஷட்டில் டப்பாக்களுக்கும் நடுவில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெளியே பிள்ளைகள் தாங்களாகவே ஆடும் சத்தம். "கோச் எங்கே?" என்று ஒரு பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். பதினொரு வருடம் சொல்லிக்கொடுத்த ஆள் நான். அன்று இரவே ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

அடுத்த வருடம் வேறொரு சின்ன அகாடமி. அவர்கள் முதலில் அனுப்பியதே ஆஃபர் லெட்டர். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கேட்டு வாங்கிப் படியுங்கள். பதவி என்ற இடத்தில் பயிற்சியாளர் என்று இருக்கிறதா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். பழைய இடத்தில் எனக்கு எழுதியிருந்தது அலுவலக உதவியாளர். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கு. அலவன்ஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் சேராது. விசா செலவை ஆறு மாதம் சம்பளத்தில் பிடிப்போம் என்றும் அந்தப் பழைய இடத்தில் சொல்லியிருந்தார்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி அது முதலாளி செலவு, நம் தலையில் கட்டக் கூடாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது அட்டெஸ்டேஷன்தான், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று ஒவ்வொரு இடமாக முத்திரை வாங்குவது. பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) சான்றிதழை முதலில் பல்கலைக்கழகம் சரிபார்க்க வேண்டும். அப்புறம் தலைமைச் செயலகம், வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போன பிறகு அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். என் டிகிரியில் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து இன்ஷியல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் விரிந்து நிற்கிறது. நமக்கு இது சாதாரணம். ஆனால் வெளிநாட்டு அலுவலக மேஜையில் இரண்டும் இரண்டு ஆட்கள். இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, திரும்ப வரிசையில் நின்றேன். மொத்தம் ஏழு வாரம் போனது. ஆஃபர் வருகிறதோ இல்லையோ, இந்தப் பெயர் விஷயத்தை இப்போதே பார்த்து வையுங்கள். அங்கே போன பிறகு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எமிரேட்ஸ் ஐடி (அந்த நாட்டு அடையாள அட்டை) எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டன.

என் நண்பர் கிரிக்கெட் கோச்சாக இங்கிலாந்து போனார். அங்கே 2021 அக்டோபரிலிருந்து சர்வதேச விளையாட்டு வீரர் விசா என்று தனியாக இருக்கிறது, கோச்களுக்கும் அதுதான். கிளப் ஸ்பான்சர் செய்தால் மட்டும் போதாது. கிரிக்கெட்டுக்கு இங்கிலாந்து, வேல்ஸ் வாரியத்தின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அந்த ஒப்புதலுக்காகத்தான் அவர் அதிகம் காத்திருந்தார்.

இப்போது எனக்கு வாரம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: "வில்லாவுக்கு வந்து என் பையனுக்குத் தனியா சொல்லித் தருவீங்களா?" கேட்பவர்கள் நல்ல பெற்றோர், பணமும் நன்றாகத் தருவார்கள். ஆனால் என் விசா இந்த அகாடமியோடு கட்டப்பட்டது. வெளியே கோச்சிங் எடுக்க வேண்டுமானால் தனியாகப் பெர்மிட் வேண்டும். 2024-இல் பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைப்பவருக்கான அபராதத்தை 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை உயர்த்திவிட்டார்கள். "அகாடமிக்குக் கூட்டிட்டு வாங்க, ஆறு மணி பேட்ச்சில் இடம் இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் வருகிறார்கள்.